இரண்டு அங்குலம் தூக்கிய ஜீப்

என் பழைய பிரிவில் இப்போது ஃபோர்மேனாக இருப்பவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்றைத் தானே பழுது பார்த்து, இரண்டு அங்குலம் உயர்த்தியும் வைத்திருக்கிறார். மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கும் ஆசையாம். "அண்ணே, இதுக்கு எந்த ஷாக் அப்சார்பர் போடலாம்? போன்ல பார்த்தா நூறு வகை காட்டுது" என்றார். நூறும் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் வண்டிக்கு எது என்பதை வண்டிதான் சொல்லும், டேப்பை எடுங்கள் என்றேன். இருவரும் வாசலில் குனிந்து அரை மணி நேரம் அளந்தோம். எண்களைக் குறித்துக்கொண்டவர், கிளம்பும்போது இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஒரு விபத்தில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தில் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். மாட்டியது சரியில்லை என்றார்கள், மறுபடி கழற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் வரிசையில் ஆறு வீடு, ஐந்து மாவட்டம். காலையில் ஆறு வகைக் குழம்பு வாசனையைத் தாண்டித்தான் சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும்.

சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து வாய் பிளந்து நிற்பார்கள். என்னைப் போட்டதோ ஜீப்புகளைப் பார்க்கும் சின்ன ஷெட்டில். சர்வே எடுப்பவர்களும் ஷிப்ட் இன்ஜினீயர்களும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏற ஜீப்தான் கதி. வெயில் காலத்தில் உள்ளே புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் களிமண். பெரிய லாரிகள் போன தடம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிடும். அந்தத் தடத்தில் ஜீப் போனால் சக்கரம் பள்ளத்தில், வயிறு நடு மேட்டில். இரண்டு பக்கமும் சக்கரம் சும்மா சுற்ற, ஏறி வந்த அதிகாரி இறங்கித் தள்ளுவார். தள்ளியவர்களின் புகார் மேலே போய், கடைசியில் ஜீப்புகளை உயர்த்துங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது.

உயர்த்தும் வேலையைச் செய்தது நான்தான். முன்னும் பின்னும் ஸ்பிரிங் அடுக்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். அதில் ஒரு அங்குலம் வந்தது. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு கட்டியிருக்கும் ஷேக்கிள் என்ற தகட்டை இரண்டு அங்குலம் நீளமாக எங்கள் ஷெட்டிலேயே வெட்டித் துளை போட்டு மாற்றினேன். ஷேக்கிளை இரண்டு நீட்டினால் வண்டி ஒன்றுதான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் இறங்குகிறது. ஆக மொத்தம் இரண்டு அங்குலம். ஐந்து ஜீப்புகளை இப்படித் தூக்கினோம். அந்த மழைக்கு ஒரு அதிகாரியும் இறங்கித் தள்ளவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழையது எண்ணெய் கசிந்தால் புதியது கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதுவோம். இன்டென்ட் படிவத்தில் இருப்பது பார்ட் நம்பருக்கு ஒரு கட்டம். அந்த நம்பர் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். வண்டி நாங்கள் தூக்கிய வண்டி, புத்தகம் தூக்காத வண்டிக்கு எழுதிய புத்தகம். ஸ்டோரில் நம்பரைக் கொடுத்தால் சரக்கு வரும். நம்பர் இல்லாமல் நீளத்தை எழுதிக்கொண்டு போனால், என்னய்யா இது, தையல்காரனா நீ என்று கேட்பார்கள். அதனால் எல்லோரும் நம்பரை எழுதினோம். தூக்கிய ஐந்து ஜீப்புக்கும் தூக்காத ஜீப்பின் ஷாக் போய்க்கொண்டே இருந்தது.

ஷாக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரே ஒரு சோதனை. வண்டியின் மூலையில் கையூன்றி அமுக்கிவிடுவது. ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. மூன்று நான்கு தடவை ஆடினால் கெட்டது. சமதரையில் நிற்கும் வண்டிக்கு இது சரியான சோதனை. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

கலியபெருமாள் அப்போதுதான் எனக்குப் பழக்கம். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனதில், தற்காலிக டிரைவராக எடுத்திருந்தார்கள். நாலைந்து வருஷமாகத் தற்காலிகம். சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவில் வண்டியை விடும்போது, "நாம இப்ப எறங்கறது எங்க மல்லாக்கொட்ட கொல்லைங்க" என்பார் பக்கத்தில் இருப்பவரிடம். மல்லாக்கொட்டை என்றால் எங்கள் பக்கத்து நிலக்கடலை. குறையாகச் சொல்ல மாட்டார், பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரிச் சொல்வார். நல்ல டிரைவர். காதால் ஓட்டுகிறவர்.

ஷெட்டில் டிரைவர்கள் குறை எழுதும் நோட்டு ஒன்று உண்டு. இடது பக்கம் டிரைவர் எழுதுவார், வலது பக்கம் நான் என்ன செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கலியபெருமாள், தூக்கிய ஐந்தில் ஒன்றான சர்வே ஜீப்பைப் பற்றி ஒரே மாதத்தில் மூன்று தடவை எழுதினார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரிலும் சொன்னார்.

"பள்ளத்துல எறங்க சொல்ல, யாரோ பின்னாடி புடிச்சிக்கினு வெடுக்குனு இழுக்கற மாரி இருக்குது சார்."

"தட்டுதா?"

"தட்டல சார். இழுக்குது. மேல ஏற சொல்ல ஒண்ணும் இல்ல. கீழ எறங்க சொல்லத்தான்."

நான் மூலையில் அமுக்கினேன். ஒரே எழும்பல், அடங்கியது. "ஷாக் போன மாசம்தான் புதுசு போட்டது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வலது பக்கத்தில் 'சோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று மூன்று தடவையும் எழுதினேன். ஒரு தடவைகூட வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. அந்த மூன்று வரியும் என் கையெழுத்தில், எனக்கே பிடித்த வட்டமான கையெழுத்தில் இருந்தன.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நல்ல மழைக்கு மறுநாள். சர்வே ஓவர்சியர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கலியபெருமாள் சரிவில் இறங்கினார். வலது பின்சக்கரம் லாரித் தடத்தில் விழுந்தது. ஷாக்கின் மேல்முனையைச் சேஸிஸில் பிடித்திருந்த பிராக்கெட் பிய்ந்தது. விடுபட்ட ஷாக் கீழே சாய்ந்து தரையில் குத்தி ஊன்ற, வண்டியின் பின்பக்கம் தூக்கி எறியப்பட்டு, ஓரத்து மண்கரையில் மோதிச் சாய்ந்து நின்றது. ஓவர்சியருக்குக் காறை எலும்பு முறிவு. கலியபெருமாளுக்கு நெற்றியில் தையல். இன்னும் பத்தடி தள்ளி நடந்திருந்தால் கரை இல்லை, அடுத்த தளம் வரை பள்ளம்தான்.

அன்று எங்கள் உதவிப் பொறியாளர் ஊரில் இல்லை. பெயர் வரதராஜன், கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒரு பயிற்சிக்காகத் திருச்சி போயிருந்தார். வர இரண்டு வாரம் ஆகும். முதல் அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விபத்து வண்டிக்கு எழுதும் முதல் வரி எங்கள் ஷெட்டில் எழுதாத சட்டம்: 'வாகனத்தில் இயந்திரக் கோளாறு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.' எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதைத்தான் எழுதினார்கள், நானும் எழுதினேன். பிராக்கெட் மோதலில் உடைந்தது என்று சேர்த்தேன். உடைந்த இடத்தைத் துடைத்துப் பார்க்காமலே எழுதினேன். அறிக்கை அன்று மாலையே போய்விட்டது. வேகமாக ஓட்டினார் என்று கலியபெருமாளுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது, வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை வண்டியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். பிராக்கெட்டைக் கழற்றி டீசலில் கழுவினேன். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, துருவும் களிமண்ணும் ஏறியிருந்தது. கால் பங்கு மட்டும் பளிச்சென்று புது உலோகம். நேற்று உடைந்தது அந்தக் கால் பங்குதான். மீதி பல வாரங்களாக விரிந்துகொண்டு வந்த விரிசல்.

ஏன் விரிந்தது என்று தெரிய வேண்டுமே. உடையாத இடது பக்கத்தை எடுத்துக்கொண்டேன். சேஸிஸைத் தூக்கித் தாங்கலில் வைத்து, பின்சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்படி விட்டேன். ஷாக் முழுசாக நீண்டு விறைத்து நின்றது. அளந்தேன், இருபது அங்குலம். அது எவ்வளவு நீள முடியுமோ அவ்வளவு. ஷாக்கின் கீழ்முனையைப் பூட்டியிருக்கும் இரும்புப் பின்னைத் தட்டினேன். லேசில் வரவில்லை, அவ்வளவு இறுக்கம். ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் ஏற்றிய பிறகு வந்தது. பின்னை உருவிவிட்டு ஜாக்கியை மெல்ல இறக்கினேன். ஷாக் இல்லாமல் ஆக்ஸில் இன்னும் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது.

டேப் சொன்ன கணக்கு இதுதான். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியபோது ஷாக் கீழ்நோக்கி நீளக்கூடிய மிச்சத்தில் இரண்டு அங்குலத்தை நான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தில் சக்கரம் விழும் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் இன்னும் இறங்கப் பார்த்திருக்கிறது; ஷாக் முடியாது என்று பிடித்து இழுத்திருக்கிறது. ஆக்ஸிலின் மொத்தக் கனமும் பிராக்கெட்டில் தொங்கியிருக்கிறது. கலியபெருமாள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

அன்றே இன்னொரு அறிக்கை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஃபோர்மேன் பதவி உயர்வுக்கு எனக்குப் பேட்டி அடுத்த வாரம் வியாழக்கிழமை. மூன்று தடவை 'குறை இல்லை' என்று எழுதிய மெக்கானிக்கை எந்தப் பேட்டிக்காரர் ஃபோர்மேன் ஆக்குவார்? எனக்குப் பயம். வேறொன்றுமில்லை. குறை நோட்டை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை கலியபெருமாள் கேன்டீன் வாசலில் காத்திருந்தார். நெற்றியில் கட்டு.

"சார், நான் ரெண்டாவது கியர்லதான் எறங்கினேன். யாரும் நம்பமாட்றாங்க. நோட்டுல மூணு தரம் எழுதிக் குடுத்தேனே, அது எங்க சார்?"

"ஷெட்டுலதான் இருக்கும். பார்க்கிறேன்."

"அடுத்த வெள்ளிக்கெழம பர்மனென்ட் லிஸ்ட்டு மேல போவுதுங்க. இந்தக் கேஸ் இருந்தா பேர அடிச்சிடுவாங்களாம். நெலத்துக்கு வேலன்னு சொல்லி நாலு வருஷமா இந்த லிஸ்ட்டுக்குத்தான் வூட்ல எல்லாரும் காத்துக்கினு கீறோம். அந்த நோட்ட மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க சார், போதும்."

"பார்க்கிறேன்யா" என்றேன் மறுபடியும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பேட்டி நன்றாக நடந்தது. ஷாக் அப்சார்பரின் வேலை என்ன என்று ஒரு கேள்விகூட வந்தது. புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன், தலையாட்டினார்கள். பேட்டி முடிந்ததும் நோட்டைக் கொடுத்துவிடுவது என்றுதான் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். முடிந்த பிறகு, முடிவு வரட்டுமே என்று இன்னொரு கணக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன். பட்டியல் மேலே போயிற்று.

வரதராஜன் அடுத்த செவ்வாய் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எப்போதும் வெள்ளைச் சட்டை. அதன் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல எஃகு அளவுகோல். வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டுமானால் கைக்குட்டையை நான்காக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றுவார். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அளந்தீங்களா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்து பாதிப் பேர் அவரிடம் பேச்சுக் கொடுப்பதே இல்லை.

அன்று என் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார். கைக்குட்டை விரிந்தது. உடைந்த பிராக்கெட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த ஆக்ஸிலைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது.

"அளந்தீங்களா?"

"அளந்தேன் சார்."

"எப்போங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "விபத்துக்கு மறுநாள்" என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து உதறி மடித்தார். நான் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று பக்கங்களையும் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"புது அறிக்கை எழுதுங்க. அளவு எல்லாத்தையும் போடோணும். அளந்த தேதியையும் போடோணும்."

போட்டேன். அவர் ஒரு சொல்லும் மாற்றாமல் நோட்டோடு சேர்த்து மேலே அனுப்பினார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே வண்டிகளுக்குச் சரியான ஷாக் தேடும் வேலையைத் தொடங்கினோம். தூக்கிய மற்ற நான்கு ஜீப்புகளையும் அதுவரை நிறுத்திவைத்தார் வரதராஜன். அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் வண்டியிடம் கேட்டோம். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மேல் பின்னிலிருந்து கீழ்ப் பின் வரை இருபத்தொன்றே முக்கால் அங்குலம். ஆக்ஸில் மேலே வந்து ரப்பர் கட்டையில் முட்டும்போது பதின்மூன்று. ஷாக் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்க வேண்டும். நீளும்போது இருபத்தொன்றே முக்காலுக்கு மேல் போக வேண்டும், சுருங்கும்போது பதின்மூன்றுக்குக் கீழே வர வேண்டும். சக்கரத்தைக் கீழே நிறுத்த வேண்டியது ஸ்பிரிங், மேலே நிறுத்த வேண்டியது ரப்பர். ஷாக் எதையும் நிறுத்தக் கூடாது, ஆட்டத்தை அடக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

ஸ்டோரில் வேறு வண்டிகளுக்கு வைத்திருந்த ஷாக்குகளில் மூன்று வகையை வாங்கி மேஜையில் வரிசையாகக் கிடத்தினோம். நான் சின்ன லாரியுடையதை எடுத்தேன். இருபத்துநாலு நீளும், இனி இழுக்கவே இழுக்காது. வரதராஜன் அதை வாங்கி முழுக்க அமுக்கி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்தார். பதினாலே முக்கால்.

"மேட்டுல ஏறினா ரப்பர் முட்டறதுக்கு முன்னாடி இது முட்டுமுங்க. போன தடவை பிச்சுது, இந்தத் தடவை குத்தும்."

தூக்கிய வண்டிக்கு நீளமானதைப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்று நானும் அவர்களில் ஒருவன்.

வேன் ஒன்றின் ஷாக் நீண்டால் இருபத்திரண்டரை, சுருங்கினால் பதின்மூன்றரை. கீழ்ப்பக்கம் சரி, மேல்பக்கம் அரை அங்குலம் உதைக்கிறது. இரண்டு அங்குலம் தூக்கியதால் மேலே இடம் கூடுதலாகவே இருக்கிறது, அதில் ஒன்றை விட்டுக்கொடுக்கலாம் என்றார் வரதராஜன். ரப்பர் கட்டைக்குப் பின்னால் ஒரு அங்குலப் பட்டி வைத்தோம். இப்போது ஆக்ஸில் பதினாலில் நிற்கும், ஷாக்குக்கு அரை அங்குலம் மிச்சம்.

அதே நீளத்தில் மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது, சரக்கு வண்டிக்கானது. எதை எடுப்பது? இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே இருக்கும் காற்று போக ஏழெட்டுத் தடவை இழுத்து அமுக்கினோம். சரக்கு வண்டியுடையது இழுத்தாலும் கல், அமுக்கினாலும் கல். சுமையில்லாத ஜீப்பில் போட்டால் ஓட்டுகிறவரின் முதுகெலும்பு கழன்றுவிடும். வேனுடையது அமுக்கும்போது இணங்கியது, இழுக்கும்போது முரண்டு பிடித்தது. கூடுதல் பட்டை போட்ட ஸ்பிரிங் துள்ளி எழும். அதைப் பிடிக்க இழுப்பில் முரண்டு வேண்டும். அதையே எடுத்தோம். மேல் பிராக்கெட்டைத் தடித்த தகட்டில் புதிதாகச் செய்தேன். இன்டென்ட்டில் பார்ட் நம்பர் கட்டத்துக்குப் பக்கத்தில் வரதராஜன் கையால் ஒரு கோடு இழுத்து, 'நீண்ட அளவு, சுருங்கிய அளவு' என்று எழுதினார். ஸ்டோர்க்காரர் தையல்கடை என்றுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே சரக்கைக் கொடுத்தார்.

விசாரணை முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. கலியபெருமாள்மேல் குற்றமில்லை, வேலைக்குத் திரும்பலாம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அளந்த தேதியை யாரும் கவனிக்கவில்லை. மேலே இருப்பவர்கள் அறிக்கையின் கடைசிப் பத்தியைத்தான் படிக்கிறார்கள். பதவி உயர்வு ஆர்டர் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. வரதராஜன் அதை என்னிடம் நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். வாழ்த்துச் சொல்லவில்லை.

பட்டியல் போனது போனதுதான். கலியபெருமாளின் பெயர் அதில் இல்லை. அடுத்த பட்டியலுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அவரோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அவர் ஜூனியர் ஆனார். கடைசி வரை அப்படித்தான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்த ஜீப்பை அவரே ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும் என்றார் வரதராஜன். பின்சீட்டில் என்னை உட்காரச் சொன்னார். அவர் வரவில்லை. அதே சரிவு, அதே தடம், மழை விட்டுப்போய் இறுகிக் கிடந்தது. வலது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். வண்டி இறங்கியது, அடங்கியது, ஏறியது. கலியபெருமாள் திரும்பி வந்து இன்னொரு தடவை அதே பள்ளத்தில் விட்டார். கீழே தளத்தில் ஓரமாக நிறுத்தினார்.

"இப்ப இழுக்கல சார்."

அங்கேயே சொல்லிவிட்டேன். மறுநாளே அளந்துவிட்டேன், நோட்டு என் இழுப்பறையில்தான் இருந்தது, பேட்டி முடியட்டும் என்று வைத்திருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"வூட்டுல பொஞ்சாதிகிட்ட சொல்லி வச்சிருக்கேன் சார், நீங்க எழுதிக் குடுத்ததாலதான் வேல தப்பிச்சுதுன்னு. அது வெள்ளிக்கெழமன்னா உங்க பேரச் சொல்லி வெளக்கு ஏத்துது. இப்பப் போயி அத ஏத்தாதன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. அது பாட்டுக்கு ஏத்தட்டும்."

கியரைப் போட்டு வண்டியை மேலே ஏற்றினார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். என்னிடம் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. மகள் கல்யாணத்துக்கு ஷெட்டுக்கே வந்து தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுத்தார். "வூட்ல உங்கள ஒரு தரம் பாக்கணும்னு சொல்லிக்கினே கீது சார், கண்டிப்பா வரணும்" என்றார். அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கிறது, வர முடியாது என்றேன். சரிங்க என்று போய்விட்டார். ஷிப்ட் பட்டியல் அவருக்குப் பின்னால் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அன்று எனக்கு வார விடுமுறை.